தரையிலிருந்து பதினோரு அங்குலம்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த அளவுகோல்களிலேயே மேன்மையானது 'கிரவுண்ட் கிளியரன்ஸ்' என்பது என் பணிவான, ஆனால் மாற்ற முடியாத கருத்து. ஒரு காலத்தில் படிப்பை வைத்து மனிதனை அளந்தார்கள். நிலத்தை வைத்து அளந்தார்கள். வீட்டு விசேஷத்தில் எத்தனை பந்தி நடந்தது என்று எண்ணிக்கூட அளந்தார்கள். அதெல்லாம் பழைய முறை. இன்று மதுரையில் ஒருவரின் தகுதியை அறிய வேண்டுமானால் குனிந்து பார்த்தால் போதும். அவர் வண்டியின் வயிற்றுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே பூனை நுழைந்தால் சாதாரண ஆள். நாய் தலை குனியாமல் நடந்து போனால் பெரிய மனிதர்.

என் வண்டிக்கு அடியில் நாய் குடும்பத்தோடு குடியிருந்தது. அந்த உயர்வை நான் அடைந்த வரலாற்றை வருங்காலத் தலைமுறையின் நன்மை கருதி இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி. அடக்கமாகத்தான் சொல்வேன். பெயர் ஜெயபாண்டி. திருப்பரங்குன்றத்தில் இருபத்திரண்டு வருடமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். பள்ளிக்கு என் ஒரே தங்கை நாகஜோதியின் பெயரை வைத்திருக்கிறேன். தினமும் காலையில் வண்டிப் பாடம், ஞாயிற்றுக்கிழமை மாலையில் சட்டப் பாடம். மோட்டார் வாகனச் சட்டத்தில் ஐம்பத்திரண்டாவது பிரிவு என் செல்லப் பிரிவு. வண்டியைத் தயாரித்தவர் கொடுத்த அமைப்பை வாங்கியவர் தன் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். முன்பக்க பம்பருக்கு வெளியே இரும்புக் குழாயில் 'பம்பர் கார்டு' மாட்டுகிறார்களே, அது கூடாது. மோதினால் உள்ளே காற்றுப்பை சரியாக விரியாது, வெளியே நடந்து வருகிறவருக்கு எலும்பு மிஞ்சாது. ஸ்பிரிங்குக்கு முட்டுக் கொடுத்து வண்டியை உயர்த்துவதும் கூடாது. வளைவில் கவிழும், மூக்குக்கு முன்னால் நிற்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இதையெல்லாம் பலகையில் படம் போட்டு, குச்சியால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுப்பேன்.

"இந்தச் சட்டமெல்லாம் யாருக்காக சார் போட்டாங்க?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் கேட்பார்.

"ஊருக்கு நாலு கிறுக்குப்பய இருப்பான்ல, அவனுகளுக்காக" என்பேன்.

வகுப்பு சிரிக்கும். இருபத்திரண்டு வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

நாகஜோதியைக் கொட்டாம்பட்டியில் கட்டிக்கொடுத்தோம். பதினோரு வருடம் அவளுக்குக் குழந்தை இல்லை. போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. எங்கள் அப்பாவும் அம்மாவும் அந்தக் கவலையோடே போய்ச் சேர்ந்தார்கள். அதற்கப்புறம்தான் ஆர்த்திகா பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தபோது, நாகஜோதி கட்டிலில் கிடந்தபடியே சொன்ன முதல் பேச்சு இது: "அண்ணே, இவளுக்கு உன் மடியில வச்சுத்தான் காது குத்தணும்."

நான் அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. தாய்மாமன் மடி என்பது எங்கள் பக்கத்தில் ஒரு பதவி. தேர்தல் கிடையாது, மாற்றல் கிடையாது, ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு தடவைதான். அந்தப் பதவிக்காக மூன்று வருடம் காத்திருந்தேன். தேதி குறித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள், கொட்டாம்பட்டி மண்டபத்தில்.

மூன்று வாரம் இருக்கும்போது என் மனைவி சுபலட்சுமி போனை வைத்துவிட்டு வந்து ஒரு செய்தி சொன்னாள். என் சித்தப்பா மகன் அழகுபாண்டி மேலூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிறான். அவனும் முறைக்குத் தாய்மாமன்தான்.

"அழகுபாண்டி தம்பி பெரிய வண்டியில சீர் கொண்டு வாராராம்ங்க."

"எம்புட்டுப் பெருசு?"

"டயரே இடுப்புக்கு மேல இருக்குதாம்."

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. என் வண்டியின் டயர் முழங்காலைத் தாண்டவில்லை. தரையிலிருந்து வெறும் ஏழு அங்குலத்தில், ஊர்ந்துகொண்டு போய் நான் சீர் இறக்க, அவன் வானத்திலிருந்து இறங்குவானாம். சொந்த அண்ணன் நான். என் பெயரில் பிளெக்ஸ் அடித்து வைத்திருக்கிறார்கள்.

உடனடியாக வீட்டில் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. தலைமை நான். கலந்துகொண்டோர் நானும் சுபலட்சுமியும். 'சீர் வாகனத்தை உயர்த்துதல் மற்றும் முன்பக்கக் கம்பீரம் ஏற்படுத்துதல்' என்ற பொருள் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

"சீருன்னா தட்டுல இருக்கணும். வண்டிக்குக் கீழ எதுக்குங்க?" என்றது எதிர்க்கட்சி.

"இது கௌரவப் பிரச்சனை. உனக்குப் புரியாது."

"ஏற்கெனவே எனக்கு முட்டி வலி. இன்னும் தூக்குனா நான் எப்படி ஏறுறது?"

"அதுக்கு ஒரு துணைக்குழு போட்டுக்குவோம்."

எதிர்க்கட்சி அடுப்படிக்கு வெளிநடப்பு செய்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மறுநாள் முத்திருளன் பட்டறைக்கு வண்டியை விட்டேன். பழங்காநத்தத்தில் அவனைவிடத் துப்பான மெக்கானிக் கிடையாது. எனக்கு ஒரு சங்கடம், அவனும் என்னிடம் பாடம் படித்தவன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"அண்ணே, ஐம்பத்திரண்டாவது பிரிவு..."

"மாப்ள, அது பொதுமக்களுக்கு."

"நீங்க யாருண்ணே?"

"நான் அதை நடத்துறவன். சட்டம் தெரியாதவன் மாத்துனா அது மீறல். தெரிஞ்சவன் மாத்துனா அது வியாக்கியானம்."

முத்திருளன் தலையைச் சொறிந்தான். நான் மேலும் விளக்கினேன். சட்டம் எழுதியவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தங்கை மகள் காதுகுத்து கொட்டாம்பட்டியில் நடந்திருக்குமா? நடந்திருந்தால் ஒரு விதிவிலக்கு சேர்த்திருக்க மாட்டார்களா? சேர்க்க மறந்த விதிவிலக்கை நாமே மனதில் சேர்த்து வாசித்துக்கொள்வதுதான் நல்ல குடிமகனுக்கு அழகு. "வீடியோ மட்டும் எடுத்துப் போட்றாதீங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தான்.

நான்கு நாளில் வண்டி ஏழு அங்குலத்திலிருந்து பதினோரு அங்குலத்துக்கு வளர்ந்தது. முன்னால் நான்கு குழாய் வைத்த பம்பர் கார்டு, குரோம் பூச்சில் பளபளத்தது. முகப்பு விளக்கைப் போட்டால் எதிர் வீட்டு மாடியில் காயும் துணி தெரிந்தது. வளைவில் வண்டி ஒருபக்கமாகத் தலை சாய்த்தது. அதை நான் பணிவு என்று எடுத்துக்கொண்டேன். சுபலட்சுமிக்காக அமைக்கப்பட்ட துணைக்குழு, அதாவது நான், கீழவாசலில் ஒரு முக்காலி வாங்கி வந்தேன். அதன் மேல் ஒரு கால், கால்படியில் ஒரு கால், என் தோளில் ஒரு கை, அவ்வளவுதான். ஏறியதும் முக்காலியை டிக்கியில் போட வேண்டும்.

"வண்டியாங்க இது, பரண்" என்றாள் அவள், மேலே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். பட்டுப் பாவாடை, கொலுசு, இருபத்தொரு தட்டுச் சீர் எல்லாம் பின்னால். நான் பட்டு வேட்டி. கார்டுக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தேன். ஒத்தக்கடை தாண்டி, மேலூர் தாண்டி, நான்கு வழிச் சாலையில் போகும்போது கீழே சின்னச் சின்னக் கார்களில் சின்னச் சின்ன மனிதர்கள் போவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது.

அதே சாலையில் ஒரு இடத்தில் வாகனச் சோதனை. கையைக் காட்டி ஓரம் கட்டச் சொன்ன இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. பவதாரிணி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் என்னிடம்தான் கியர் போடக் கற்றுக்கொண்டாள்.

"வணக்கம் சார், நீங்களா? நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேம்மா. தங்கச்சி மக காதுகுத்து. நல்ல நேரத்துக்குள்ள போகணும்."

"அஞ்சு நிமிசம் சார்." டேப்பை இழுத்துக்கொண்டு குனிந்தாள். நிமிர்ந்தாள். "பதினோரு இஞ்ச் இருக்கு. கம்பெனி குடுத்தது ஏழு."

"டயருக்குக் கொஞ்சம் காத்து கூட அடிச்சிட்டேம்மா."

"நாலு இஞ்சுக்கா சார்?"

நான் வானத்தைப் பார்த்தேன். அவள் முன்பக்கம் போய் நான்கு குழாயையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். "இது என்ன சார்?"

"மாலை போட ஒரு பிடிமானம் வேணும்ல."

"நீங்கதான சார் எங்களுக்கு ஐம்பத்திரண்டு நடத்துனீங்க? நாலு கிறுக்குப்பயலுகன்னு சொல்லுவீங்க."

"இன்னும் ஞாபகம் வச்சிருக்கியே" என்றேன். உண்மையிலேயே எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு ஆசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அவள் சிரிக்கவில்லை. தாளை எடுத்து எழுதினாள். ஏழு நாளைக்குள் வண்டியைப் பழையபடி மாற்றிக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கிளம்பலாம் என்று சாவியைத் திருகினேன். "ஒண்ணே ஒண்ணு சார்" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு முன்னால் போனாள். குனிந்து எதையோ வைத்தாள். பிறகு என் கதவுப் பக்கம் வந்து நின்றாள்.

"முன்னாடி டிராஃபிக் கோன் வச்சிருக்கேன் சார். தெரியுதா?"

பார்த்தேன். பானெட் தெரிந்தது. அதற்கு அப்பால் வெகுதூரம் சாலை தெரிந்தது. ஒரு புளியமரம் தெரிந்தது. கோன் தெரியவில்லை. சீட்டிலிருந்து லேசாக எக்கினேன், அப்போதும் தெரியவில்லை. மணி ஒன்பதே முக்கால்.

"தெளிவாத் தெரியுதும்மா."

பவதாரிணி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஒருமுறைகூட நான் தப்புச் சொல்லிக்கொடுத்ததில்லை. "நீங்க சொன்னா சரிதான் சார். மெதுவாப் போங்க" என்றாள். போய்க் கோனை எடுத்தாள். எடுக்கும்போதுதான் பார்த்தேன், அங்கே இரண்டு கோன் வைத்திருக்கிறாள்.

வண்டி நகர்ந்ததும் சுபலட்சுமி கேட்டாள். "உங்களுக்குத் தெரிஞ்சுச்சா?"

"ம்."

"எனக்கு ஒண்ணும் தெரியல."

"உனக்கு லைசென்ஸ் இல்ல" என்றேன்.

மண்டபத்துக்கு ஒரு தெரு முன்னால் நிறுத்தினேன். நாதஸ்வரமும் மேளமும் அங்கே எனக்காகக் காத்திருந்தன. பையிலிருந்து பலூன்களை எடுத்து ஊதி, சிவப்பும் மஞ்சளுமாக ஒரு டஜன், பம்பர் கார்டில் என் கையாலேயே கட்டினேன். சுபலட்சுமி, "தட்டை எடுத்துக்கிட்டு நடந்தே போயிருவோம்ங்க, பக்கந்தான" என்றாள். நடந்து போவதற்கா நான்கு அங்குலம் ஏற்றினேன்?

மேளம் முன்னால் போக, நான் பின்னால் நகர்ந்தேன். மண்டப வாசலில் கைகூப்பிய என் படம், பத்தடிக்கு. பக்கத்தில் அழகுபாண்டியின் 'பெரிய வண்டி' நின்றது. டயர் உண்மையாகவே இடுப்புக்கு மேல்தான் இருந்தது. டிராக்டர். பின்னால் டிரைலரில் நெல் மூட்டையும் வாழைத்தாரும். தயாரித்தவன் கொடுத்த உயரத்திலேயே, ஒரு அங்குலம் கூட்டாமல் குறைக்காமல், அவன் சேற்றுக் கால்தடம் பதிந்த சீட்டில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கா பயந்தோம் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

வாசலில் நாகஜோதி ஆரத்தித் தட்டோடு நின்றாள். மண்டப மாடியில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். என் கண்ணுக்கு நேர்மட்டத்தில் இருந்தவர்கள் அவர்கள்தான். ஒரு கையை ஸ்டீரிங்கில் வைத்து மறு கையால் அவர்களுக்கு வணக்கம் போட்டேன். மேளக்காரர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"அண்ணே, நிப்பாட்டு" என்று டிராக்டரிலிருந்து அழகுபாண்டி கத்தினான்.

பொறாமை என்று நினைத்தேன். என் நுழைவைக் கெடுக்கப் பார்க்கிறான். இன்னும் ஒரு அடி நகர்த்தினேன்.

அவன் டிராக்டரிலிருந்து குதித்தான். மேளம் நின்றுபோனது. சுபலட்சுமி, லைசென்ஸ் இல்லாதவள், இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். வண்டி குலுங்கி நின்றது. ஆரத்தித் தட்டு தரையில் விழுந்து உருண்ட சத்தம் கேட்டது.

பானெட்டுக்கு அந்தப் பக்கம், என் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து, அழகுபாண்டி எழுந்து நின்றான். அவன் கையில் ஆர்த்திகா. அவள் கையில் மஞ்சள் பலூன். மாமா வண்டியில் பலூனைப் பார்த்துவிட்டு, யார் கையையோ உதறிக்கொண்டு ஓடி வந்து, கார்டுக்கு முன்னால் நின்று நூலை அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு நான் அளந்து பார்த்தேன். இரண்டாவது குழாய் சரியாக அவள் காது மட்டத்தில் இருந்தது.

இறங்க வேண்டும். கால்படியில் நிதானமாகக் கால் வைத்து இறங்க எனக்குப் பொறுமை இல்லை. அப்படியே குதித்தேன். வேட்டி கால்படியில் மாட்டி, மண்டப வாசலில் முழங்காலிலும் உள்ளங்கையிலும் போய் விழுந்தேன். பத்தடிப் படத்தில் நான் கைகூப்பிக்கொண்டிருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

நாகஜோதி பிள்ளையை வாங்கித் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, புள்ள நின்னது உனக்குத் தெரிஞ்சுச்சா, தெரியலையா?"

எத்தனையோ கேள்விக்கு வியாக்கியானம் சொன்னவன் நான். தெரிந்தது என்றால் ஏன் நிறுத்தவில்லை? தெரியவில்லை என்றால் ஏன் ஓட்டினாய்? எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் மூன்றாவது பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

"தெரியல, தாயி."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டுவாள் என்று நின்றேன். அழகுபாண்டி பக்கம் திரும்பி, "நீங்க வந்து உக்காருங்கண்ணே" என்றாள்.

"அது ஜெயபாண்டி அண்ணன் உரிமை தங்கச்சி. நான் உக்காந்தா நல்லா இருக்காது" என்றான் அவன்.

"நேரம் போகுதுண்ணே. உக்காருங்க."

மேடையில் உட்கார ஒன்று தேடினார்கள். சுபலட்சுமி டிக்கியைத் திறந்து முக்காலியை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டாள். நான் ஏற்றிய நான்கு அங்குலத்தைச் சரிக்கட்டுவதற்கென்றே நான் வாங்கிய முக்காலி. அதில் அழகுபாண்டி உட்கார்ந்தான், அவன் மடியில் ஆர்த்திகா உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் வீறிட்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, "மாமா, பலூன் வச்சுக்க" என்று நூலை நீட்டினாள். போய் வாங்கிக்கொண்டேன். காதுகுத்து முடியும்வரை தாய்மாமன் என்ற முறையில் எனக்கு ஒதுக்கப்பட்ட பணி அதுதான். குறையில்லாமல் செய்தேன்.

மறுநாள் முத்திருளன் பட்டறை திறக்கும்போது நான் வாசலில் நின்றேன். பவதாரிணி கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, ஏழு நாள் அவகாசம் இருக்கிறதே என்றான். கழட்டு மாப்ள என்றேன். கார்டை அவிழ்க்கும்போது உள்பக்கத்தில் ஒரு முழம் மல்லிகைச் சரம் சிக்கியிருந்தது. "மாலைப் பூவாண்ணே?" என்று கேட்டான். மாலை சாமந்தி. மல்லிகை ஆர்த்திகா தலையில் இருந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பவதாரிணியிடம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவளே அளந்தாள். ஏழு அங்குலம். "அன்னைக்கு அந்தக் கோன்..." என்று ஆரம்பித்தேன். "தெரியும் சார்" என்றாள். அத்தோடு விட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சட்டப் பாடம். பலகையில் படம் போட்டு, குச்சியால் தட்டி, பம்பரையும் உயரத்தையும் விளக்கினேன். வழக்கம்போல் ஒருவர் கேட்டார், இந்தச் சட்டமெல்லாம் யாருக்காக சார் போட்டாங்க என்று.

"ஊருக்கு நாலு கிறுக்குப்பய இருப்பான்ல, அவனுகளுக்காக."

வகுப்பு சிரித்தது. நடு வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் கையைத் தூக்கினாள். இருபத்திரண்டு வருடத்தில் யாரும் கேட்காததைக் கேட்டாள்.

"நம்ம ஊர்ல அந்த நாலு பேரு யாரு சார்?"

"மத்த மூணு பேர எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.